தவிட்டில் ஊறும் வெள்ளரிக்காய்: எடோ கால ஊறுகாயைப் பெங்களூர் வீட்டில் போடுவது எப்படி

17ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்று டோக்கியோ என்கிற எடோ நகரத்தில் தீட்டிய வெள்ளரிசிச் சோறு சாமானியர் வீடு வரை பரவியது. கூடவே கால் மரத்துப்போகும் பெரிபெரி நோயும் வந்தது. கிராமத்துக்குத் திரும்பினால் குணமானதால் அதற்கு ‘எடோ நோய்’ என்றே பெயர். அரிசி தீட்டும்போது தவிட்டோடு போன தயமின் (வைட்டமின் பி1) சத்துதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதே தவிட்டில் காய்களைப் புதைத்து ஊறவைப்பதுதான் நுகாஸுகே. தயமின் கொஞ்சம் காய்க்குள் இறங்கும். எடோக்காரர்கள் காலையில் ஒருமுறைதான் சோறு ஆக்குவார்கள். ராத்திரிக்கு ஆறிய சோற்றில் வெந்நீரோ தேநீரோ ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார்கள். நம் பழைய சோற்றுக்கு அக்கம்பக்கம்தான்.

காய் புதைக்கும் தவிட்டுப் படுகைக்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் தோது. பெங்களூரில் மார்ச் முதல் மே வரை தவிர மற்ற மாதங்களில் பெரிதாகக் கவலையில்லை.

சிக்கல் தவிட்டில்தான். தீவனக் கடைத் தவிடு பெரும்பாலும் எண்ணெய் எடுத்ததாகவோ உமி கலந்ததாகவோ இருக்கும், வேண்டாம். பச்சரிசி தீட்டும் மில்லில் அன்று விழுந்ததுதான் வேண்டும். மண்டியா, ஓசூர் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவைக்கலாம். தவிட்டிலுள்ள நொதி எண்ணெயை உடைப்பதால் சில நாளிலேயே காறல் வாடை வந்துவிடும். அதனால் வாங்கிய அன்றே சலித்து, சிறு தீயில் மணம் வரும் வரை வறுத்து ஆறவிடுங்கள். சிவக்கக் கூடாது.

1 கிலோ தவிட்டுக்கு 130 கிராம் கல் உப்பு, சுமார் 1 லிட்டர் தண்ணீர். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். உப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்து ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. 4 காய்ந்த மிளகாய், கிடைத்தால் கொம்பு (kombu) என்கிற ஜப்பானியக் கடற்பாசி ஒரு துண்டு சேருங்கள். வாய் அகன்ற 5 லிட்டர் பீங்கான் ஜாடி போதும். அலுமினியமும் பித்தளையும் ஆகாது.

முதலில் முட்டைக்கோஸ் மேலிலை, முள்ளங்கி நுனி போன்ற கழிவுக் காய்களைப் புதையுங்கள். 3 நாளுக்கு ஒருமுறை எடுத்து, சாற்றைப் படுகையிலேயே பிழிந்துவிட்டுப் புதிது வையுங்கள். அவை தின்ன அல்ல, லாக்டிக் பாக்டீரியா பெருகத்தான். 10 முதல் 14 நாளில் உப்புக் கரிப்பு அடங்கிப் புளிப்பு மணம் வரும்.

தினமும் ஒருமுறை, வெயில் காலத்தில் இருமுறை, கையால் அடிவரை புரட்டுங்கள். மேலே காற்றுபடும் இடத்தில் ஈஸ்ட் வெள்ளைப் படலம் கட்டும். காற்றில்லாத அடியில் அழுக்குச் சாக்ஸ் வாடை தரும் பாக்டீரியா வளரும். மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றினால் இரண்டும் அடங்கும். சும்மா மேலாகக் கிளறுவது வீண் வேலை. கடைசியில் மேற்பரப்பை அழுத்திச் சமப்படுத்தி, ஜாடியின் உள்விளிம்பைத் துடைத்துவிடுங்கள்.

இனி நல்ல காய். உப்பு தேய்த்துப் புதைத்தால் முழு வெள்ளரிக்கு 6 முதல் 8 மணி நேரம், நாலாகப் பிளந்த முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் ஓர் இரவு. கத்தரிக்காயில் உப்போடு சிட்டிகை படிகாரமும் தேய்த்தால் ஊதா நிறம் நிற்கும். எடுத்ததும் கழுவி, நறுக்கி, உடனே தின்ன வேண்டும். வைத்தால் நிறமும் மணமும் போய்விடும். உப்பு நிறைய ஏறியிருக்கும், ரத்த அழுத்தக்காரர்கள் அளவாக.

காய் நீர் விட்டுப் படுகை தளரும், உப்பும் குறையும். 100 கிராம் வறுத்த தவிட்டோடு 10 கிராம் உப்பு சேர்த்துப் பிசைந்து 2 நாள் விடுங்கள். புளிப்பு மிஞ்சினால் ஒரு கரண்டி கடுகுப் பொடி. மெல்லிய வெள்ளைப் படலத்தைக் கலந்துவிடலாம். தடித்தால் வழித்து எறியுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளிகள் பூஞ்சணம். சுற்றிலும் ஆழமாகத் தோண்டி எடுங்கள், உள்ளே இறங்கியிருந்தால் ஜாடியோடு காலி செய்வதே நல்லது.

வாரம் பத்து நாள் ஊருக்குப் போனால் காய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மாதக்கணக்கானால் மேலே ஒரு விரல்கடை உப்பு பரப்பி வையுங்கள். திரும்பியதும் அந்த உப்பை வழித்துவிட்டு மறுபடி கழிவுக் காயிலிருந்து தொடங்குங்கள்.