வைஃபையா லைஃபையா: உடம்புக்கு எது ஒத்துவரும் என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி

வீட்டில் குழந்தை பிறந்ததும் பலருக்கு முதல் பயம் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரௌட்டரைப் பார்த்துத்தான் வரும். அந்த நேரம் பார்த்து யாராவது "லைஃபைக்கு மாறிவிடு, வெறும் வெளிச்சம்தானே" என்பார்கள். லைஃபை என்பது ரேடியோ அலைக்குப் பதிலாக ஒளியில் தகவலை அனுப்பும் இணைய இணைப்பு. பணத்தை எடுக்கும் முன்பு கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டும் மின்காந்த அலைகள்தான். சொல்லப்போனால் ஒரு நீல ஒளித்துகளுக்கு உள்ள ஆற்றல் வைஃபை அலையின் ஒரு துகளுக்கு உள்ளதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். ஆனாலும் எக்ஸ்ரே மாதிரி உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி இரண்டுக்கும் இல்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை 2பி, அதாவது 'புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது உண்மை; அதற்கு முக்கியக் காரணம் காதோடு ஒட்டி நெடுநேரம் பேசும் செல்போன் பற்றிய ஆய்வுகள், அவையும் உறுதியான சான்றாக இல்லை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

மனசு கேட்கவில்லையா, ரௌட்டரைத் தலைமாட்டிலிருந்து எடுத்து ஹாலில் வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் அலையின் வலு கால் பங்காகிவிடும், செலவே இல்லாத வேலை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் செல்போனை நெஞ்சுப் பையில் வைக்காமல் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், இது கட்டாயம்.

சரி, லைஃபை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஹரால்டு ஹாஸ் 2011-ல் பிரபலப்படுத்திய பெயர் இது. 2023-ல் வந்த 802.11பிபி என்ற லைஃபை தரநிலை 800 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது, அதாவது கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது, அதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். அதனால் வாங்கும்போது பெட்டியிலோ கையேட்டிலோ ஐஇசி 62471 என்ற ஒளிப் பாதுகாப்புச் சோதனை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகள் ஒளி வரும் துளையில் கண்ணை வைத்துப் பார்க்காத உயரத்தில் மாட்டுங்கள்.

விளக்கு வழியாக வரும் லைஃபை என்றால், தகவலுக்காக அது நொடிக்குப் பல லட்சம் முறை மினுங்குவது கண்ணுக்கு எட்டாது. தலைவலி தருவது மட்டமான எல்இடி டிரைவர் (பல்புக்குள் எல்இடிக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்), மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை துடிப்பது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: விளக்கின் கீழே பேனாவை வேகமாக ஆட்டுங்கள், ஒரே கோடாகத் தெரியாமல் விட்டுவிட்டுப் பல பேனாக்களாகத் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது, அந்த பல்பை மாற்றிவிடுங்கள். செல்போனின் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தாலும் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தச் சோதனையை லைஃபை வாங்காதவர்களும் இன்றைக்கே செய்யலாம், பிள்ளைகள் படிக்கும் மேஜை விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் தூக்கம். இரவில் நீலம் அதிகமுள்ள வெளிச்சம் தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருக்கும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, பல்பின் பெட்டியில் K என்று இருக்கும்) வெள்ளை பல்புக்குப் பதிலாகப் படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போடுங்கள். ராத்திரி ரௌட்டரை அணைத்துவிட்டுப் படுக்கையில் செல்போனை நோண்டுபவர்கள் அணைக்க வேண்டியது செல்போனைத்தான்.