டிபிஏ வேலை கற்க ஆசையா? முதலில் ஒரு டேபிளை அழித்துப் பாருங்கள்

மன்னார்குடியில் வீட்டிலிருந்தே டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் "டேட்டா என்ட்ரியா தம்பி?" என்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஒருமுறை இப்படிச் சொன்னேன்: "மதகு பாக்குற லஸ்கர் இருக்காருல்ல, அந்த வேலைதான். தண்ணியும் அவரோடது இல்ல, பயிரும் அவரோடது இல்ல. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விடணும், யாரு ஷட்டரைத் தொடக் கூடாது, ராத்திரி கரை உடைஞ்சா மணல் மூட்டை எங்க இருக்கு, இதுதான் அவர் பொறுப்பு." பெரியப்பா யோசித்துவிட்டு, "அப்ப மேட்டூர் தொறந்தா தூக்கம் கிடையாதுன்னு சொல்லு" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

சரி, படித்துத் தெரிந்துகொள்வதைவிட கையால் செய்து பார்ப்போம். ஒரு பழைய லேப்டாப் போதும்.

முதல் படி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை இன்ஸ்டால் செய்யுங்கள். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை, இன்றைக்கும் இலவசம். போர்ட் 5432 என்று கேட்கும், அப்படியே விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், அதை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள். மறக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு டேபிள். நெல் கொள்முதல் என்று வைத்துக்கொள்வோம்: விவசாயி எண், தேதி, ரகம், ஈரப்பதம், சிப்பம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ரகம் என்ற நெடுவரிசையை வெறும் டெக்ஸ்டாக விட்டால் ஒருவர் "ஏடிடி 43" என்பார், இன்னொருவர் இடைவெளி இல்லாமல் "ஏடிடி43" என்பார், மூன்றாமவர் "ஆடுதுறை 43" என்று முழுசாக அடிப்பார். மூன்றும் ஒரே நெல். ஆனால் மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் மூன்று ரகமாக நிற்கும். அதனால் ரகங்களுக்குத் தனி டேபிள் போட்டு, கொள்முதலிலிருந்து ஃபாரின் கீ கொடுங்கள், அதாவது அந்த டேபிளில் இருக்கும் ரகத்தை மட்டுமே இங்கே ஏற்ற முடியும் என்ற கட்டு. ஈரப்பதம் 0-க்கும் 100-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போடுங்கள். 17 என்று அடிக்கப் போய் 177 என்று அடிப்பது அறுவடை நேரத்தில் சாதாரணம். அதை மனிதர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் டேபிளே தடுத்துவிடும்.

மூன்றாவது, ஜெனரேட் சீரீஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதை வைத்து 10 லட்சம் வரிகளை நிரப்புங்கள். இப்போது ஒரே ஒரு விவசாயியின் கணக்கைக் கேளுங்கள், ஆனால் செலக்டுக்கு (டேட்டாவைப் படிக்கும் கட்டளை) முன்னால் எக்ஸ்பிளெயின் அனலைஸ் சேர்த்துக் கேளுங்கள், எப்படித் தேடியது, எவ்வளவு நேரம் ஆனது என்று அது காட்டும். "சீக் ஸ்கேன்" என்று வந்தால் ஒருவருடைய கணக்குக்காக மொத்த டேபிளையும் புரட்டியிருக்கிறது என்று அர்த்தம். விவசாயி எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் (புத்தகக் கடைசியில் இருக்கும் அட்டவணை மாதிரி) போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள், நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த சந்தோஷத்தில் எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு இண்டெக்ஸும் புது வரி ஏற்றும் வேகத்தைக் கொஞ்சம் தின்னும்.

உரிமைகள்: எடை போடுபவருக்கு இன்சர்ட் (புது வரி ஏற்றுவது) மட்டும், முதலாளிக்கு செலக்ட் மட்டும், டிலீட் யாருக்கும் இல்லை. கிரான்ட் (உரிமை கொடுக்க), ரிவோக் (திரும்பப் பறிக்க) என்ற இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும். முதலாளி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லோடு வரும் பிஜி டம்ப் என்ற கருவியை வைத்து பேக்கப் எடுங்கள். புதிதாக வருபவர்கள் இதை பிஎஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை தட்டும் இடம்) திரைக்குள்ளேயே தட்டிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிப்பார்கள். அது செமிகோலன் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். வெளியே வந்து, டெர்மினலில் தட்ட வேண்டும். ஃபைல் வந்ததா? கொள்முதல் டேபிளை டிராப் செய்யுங்கள். நிஜமாகவே. கை நடுங்கினால் நல்லது, அந்த நடுக்கம் இந்த வேலைக்குத் தேவை. பிறகு சோதனை என்று புது டேட்டாபேஸ் உருவாக்கி, அதில் ரீஸ்டோர் செய்து, வரிகளை எண்ணிப் பாருங்கள். 10 லட்சம் வந்தால்தான் அது பேக்கப். அதுவரை அது ஏதோ ஒரு ஃபைல்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் தினமும் ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். பார்த்தால், பிஜி டம்ப் பதிப்பு 9.2, சர்வர் 9.6, பொருந்தாமல் பேக்கப்பே எடுபடவில்லை. அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் வந்து சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது.

நம்மூர்க் கதையும் உண்டு. 2018 நவம்பர் 16, கஜா புயல். நான் அப்போது கணக்கு பார்த்துக்கொடுத்த ஓர் அரிசி ஆலையில் பேக்கப் ஒழுங்காகவே எடுத்தோம், எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்க் கம்ப்யூட்டர் இருந்த அதே மேஜையில் இருந்தது. கூரைத் தகரம் பறந்து இரண்டும் ஒன்றாக நனைந்தன. பில் புக்கைப் புரட்டி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். அந்த மேஜையில் வைத்தது நான்தான். ஒரு காப்பியாவது வேறு ஊரில் இருக்கட்டும், கிளவுடில் இருந்தாலும் சரி.

வேறென்ன தெரிய வேண்டும்? எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிடம் பேசும் மொழி, சரளமாக வர வேண்டும், லினக்ஸ் பயமில்லாமல் தட்ட வேண்டும், கிரானில் வேலைகளை நேரம் வைத்து ஓடவிடத் தெரிய வேண்டும். அப்டேட், டிலீட் போடுமுன் பிகின் என்று தொடங்கும் பழக்கம் வேண்டும், எந்த வரிகளுக்கு என்று சொல்லும் "வேர்" (where) பகுதியை எழுத மறந்தாலும் ரோல்பேக் செய்து, அதாவது செய்ததைத் திரும்பப் பெற்று, தப்பிக்கலாம். ஆரக்கிள் சர்டிஃபிகேட்டுக்குக் காசு கட்டுவதை இதெல்லாம் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அதே பேக்கப் ஃபைலை நண்பரின் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்யுங்கள். டேபிள் வரும், ஆனால் எடை போடுபவரின் ரோல் (டேட்டாபேஸில் அவருக்கு உள்ள யூசர் கணக்கு) இல்லை என்று எரர் வரும், ஏனென்றால் பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், ரோல்களை எடுக்காது. அதற்கு பிஜி டம்ப் ஆல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இதை நண்பரின் லேப்டாப்பில் இப்போதே பார்த்துவிடுங்கள், ராத்திரி 2 மணிக்கு ஆபீஸ் சர்வரில் முதன்முறையாகப் பார்க்க வேண்டாம்.