அமெரிக்காவில் போலீஸ் மேல் சிவில் ரைட்ஸ் கேஸ்: வக்கீல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் போலீஸோ சிறைக் காவலரோ உங்கள் உரிமையை மீறினால் பெரும்பாலும் செக்‌ஷன் 1983-ன் கீழ்தான் கேஸ் போடுவார்கள். மாநில, உள்ளூர் அதிகாரிகள் மேல் கேஸ் போட வழி தரும், 1871-ல் வந்த ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் அது. இதற்கு வக்கீல் தேடுகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, நாளைக் கடத்துவது. கேஸ் போடுவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் 3 வருஷம், கலிஃபோர்னியாவில் 2, டென்னசியில் ஒரே வருஷம். சரி, 3 வருஷம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாநிலச் சட்டப்படியும் நஷ்டஈடு கேட்க நினைத்தால் முதலில் அந்த அரசு அமைப்புக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்கு நியூயார்க் நகரத்தின் மேல் என்றால் 90 நாள்தான், கலிஃபோர்னியாவில் காயம் பட்டதற்கு 6 மாதம். கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் ஃபைலோடு போய் நின்றால் நல்ல வக்கீலும் கையை விரித்துவிடுவார். அதற்குள் கேமரா பதிவும் அழிந்திருக்கலாம். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்புவதுதான் அவருடைய முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடுத்து, விளம்பரப் பலகையில் பார்த்த கார் விபத்து வக்கீலிடம் ஓடுவது. ஃபெடரல் கோர்ட்டில் இந்த மாதிரி கேஸ் நடத்தியிருக்கிறீர்களா, குவாலிஃபைட் இம்யூனிட்டியை, அதாவது அதிகாரிகளுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பை, எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அதிகாரி செய்தது அநியாயமாகவே இருந்தாலும், அது உரிமை மீறல் என்று அன்றைக்கே சட்டத்தில் தெளிவாகியிருக்காவிட்டால் அவர் தப்பிவிடலாம். முக்கால்வாசிச் சண்டை இங்கேதான். பதிலில் மழுப்பல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊழியர் செய்தார் என்பதற்காக மட்டும் நகர நிர்வாகம் மாட்டாது, அதன் கொள்கையோ வழக்கமோ காரணம் என்று காட்ட வேண்டும், இதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிராளி ஃபெடரல் ஏஜென்ட் (எஃப்.பி.ஐ. போன்ற மத்திய அரசு அதிகாரி) என்றால் 1983 பொதுவாகப் பொருந்தாது, வழியே வேறு.

காசில்லை என்று தேடாமலே விடுவதும் தப்பு. ஜெயித்தால் வக்கீல் ஃபீஸை எதிர்த்தரப்பு தரும்படி கோர்ட் உத்தரவிடலாம், செக்‌ஷன் 1988 அதற்குத்தான். ஆனால் தோற்றால் கோர்ட் செலவு, நிபுணர் செலவெல்லாம் யார் தலையில் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் மேல் கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். அதில் அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இந்தக் கேஸே அடிபடலாம், அதனால் இரண்டு வக்கீல்களும் பேசிக்கொள்ளட்டும். நடந்ததை ஃபேஸ்புக்கில் கொட்டவும் வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரி விடாமல் படிப்பார்.