பழைய 811ஏ வால்வில் ஒரு டெஸ்லா காயில்

811ஏ வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) அந்தக் காலத்து ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்களில் நிறைய இருக்கும், காலின்ஸ் 30எல்-1ல் மட்டும் நான்கு. ரேடியோவுக்குச் சக்தி போதவில்லை என்று ஒருவர் ஒதுக்கிய வால்வுகூட டெஸ்லா காயிலில் (உயர் வோல்ட் பொறி விடும் சுருளில்) ஓரளவு ஓடும், தயங்காமல் வாங்குங்கள்.

ஓம் மீட்டரில் பார்த்தால் ஃபிலமெண்ட் (சூடாகும் இழை) அறுந்திருக்கக் கூடாது, கிரிட்டோடு (அதைச் சுற்றிய கம்பி வலையோடு) ஒட்டியும் இருக்கக் கூடாது. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அதை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். தேறிய வால்வை நிமிர்த்தி மாட்டி, ஃபிலமெண்டுக்கு மட்டும் 6.3 வோல்ட் (4 ஆம்பியர் இழுக்கும்) கொடுத்து ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். வோல்ட்டை சாக்கெட் காலிலேயே அளங்கள், வயர் மெல்லிசாக இருந்தால் வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும்.

சர்க்யூட் ஆர்ம்ஸ்ட்ராங் ஆசிலேட்டர்தான், வெளியீட்டில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து தானே அதிர்ந்துகொண்டிருப்பது. பிளேட் (வால்வின் வெளித் தகடு) பக்கம், பொறி விடும் செகண்டரி காயிலை ஓட்டும் பிரைமரி காயிலும் அதன் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரும், கிரிட் பக்கம் சின்னதாக ஒரு ஃபீட்பேக் காயில், கிரிட்டுக்கும் அந்தக் காயிலுக்கும் நடுவில் சில கிலோ ஓம் வயர்வூண்ட் ரெசிஸ்டரும் இணையாக ஒரு கெப்பாசிட்டரும். பிரைமரியின் குறுக்கே வருவது மைக்கா அல்லது ஹை வோல்டேஜ் செராமிக்காக இருக்கட்டும், சாதாரண கெப்பாசிட்டர் போட்டால் சூடேறி வெடிக்கலாம். எனக்குப் பிடித்த விஷயம், இதற்கு ரெக்டிஃபயரே தேவையில்லை. பிளேட் பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில் மட்டும்தான் வால்வு கடத்தும் என்பதால் ஏசியை அப்படியே கொடுக்கலாம், வினாடிக்கு 50 தடவை அடித்து அடித்து ஓய்வெடுக்கும், சார்ஜைச் சேர்த்து வைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரும் மிச்சம்.

முதல் தடவை பொறியே வராது, அநேகமாக. நான் இரண்டு சாயங்காலம் ட்யூன் செய்து பார்த்துவிட்டுத்தான் ஃபீட்பேக் காயிலின் இரு முனைகளை மாற்றிப் போட்டேன், உடனே பிடித்துக்கொண்டது. அதன் பிறகும் பிளேட் பளிச்சென்று சிவந்தால் பிரைமரியின் டேப்பை (வயர் இணையும் இடத்தை) ஒரு சுற்று நகர்த்துங்கள், ஒத்திசைவு தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்துவிட்டுத்தான்.

சப்ளை பற்றி: எல்லாரும் மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் தேடுவார்கள். அது 2000 வோல்ட்டை அரை ஆம்பியரோடு தரும், தொட்டவரை விடாது, ஆளைக் கொன்றிருக்கிறது. போதாததற்கு 811ஏக்கு டேட்டா ஷீட் எல்லையே 1500 வோல்ட் டிசி, அந்த 2000 ஏசியின் உச்சமோ 2800. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் 600, 700 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்குங்கள், பொறி சின்னதாக வரும், பரவாயில்லை. இதுவும் ஆளைக் கொல்லக்கூடியதுதான். வேரியாக் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெயின்ஸிலிருந்து பிரித்துத் தராது என்பதையும் மறக்க வேண்டாம்.

மெயின்ஸின் இரண்டு வயரையும் துண்டிக்கும் சுவிட்ச், பிளக்கைப் பிடுங்கிய பிறகு பிளேட்டில் வைக்க, எர்த் வயர் மாட்டிய நீளமான பிளாஸ்டிக் கம்பு, ஒரு கை எப்போதும் பாக்கெட்டில், பக்கத்தில் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த இன்னொரு ஆள். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு பவர் போடாதீர்கள்.

அப்புறம், பொறியை விரலால் தொட்டுக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஷாக் தெரியாது, ஆனால் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் மின்சாரம்) தோலுக்கு உள்ளே சுடும், ஆற நாளாகும்.