விதை முளைக்கவில்லையா? பூவாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மாடித்தோட்டம் ஆரம்பித்த முதல் வருடம் நான் கொன்ற மிளகாய் விதைகளுக்குக் கணக்கே இல்லை. காலையில் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் மனசு கேட்காமல் இன்னொரு தடவை என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். பத்து நாள் கழித்துக் கிளறிப் பார்த்தால் விதை கொழகொழவென்று கிடக்கிறது, நசுக்கினால் நாற்றம். விதை விற்றவரைத் திட்டினேன். அவர் மேல் தப்பில்லை.

விதைக்கும் மூச்சு உண்டு. தண்ணீரை உறிஞ்சி உப்பியதும், சேர்த்து வைத்திருக்கும் சத்தை எரித்து வேர் விட அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீரே நின்றால் காற்று எங்கிருந்து வரும்?

மண்ணுக்குப் பதில் போடும் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறோம். ஊறவைத்த கட்டியை அப்படியே அள்ளிக் குழித்தட்டில் (விதை போடச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு) அமுக்கிவிடுவது முதல் தப்பு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். அப்புறம், அது மேலே சீக்கிரம் வெளுத்துவிடும், காய்ந்துபோன மாதிரியே தெரியும், ஆனால் விரலை ஒரு கணு உள்ளே விட்டால் கருப்பாக ஈரம் ஒட்டும். ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது, அவ்வளவுதான்.

நாற்றுப்பண்ணைகளில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரமே முளைக்கும்வரை தாங்கும். வீட்டில் ஒரு தட்டுதான் என்றாலும் மூடி நிழலில் வையுங்கள், ஆனால் தினமும் திறந்து பாருங்கள், முதல் முளை தலை காட்டியதும் மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

ஊறவைப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. பாகல், புடலைக்குத் தோல் தடிமன், ஓர் இரவு ஊறட்டும். அதே ஆசையில் அவரை, பீன்ஸை மறுநாள் மாலைவரை தண்ணீரில் மறந்தால் தோல் வெடித்துப் பருப்பு பிளந்துவிடும். தக்காளி, கத்தரிக்கு இந்த வேலையே வேண்டாம். விதைக்கும்போது விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலில் கலந்து தூவி லேசாக மூடினால் சரி.

முளைத்த பிறகும் கண்டம் இருக்கிறது. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரையோடு ஒட்டிய இடத்தில் இளைத்து மடிந்து கிடந்தால் அது நாற்றழுகல். பித்தியம் மாதிரியான கிருமிகளுக்கு நசநசவென்ற ஈரம்தான் விருந்து. விழுந்தது பிழைக்காது, பிடுங்கிப் போட்டுவிட்டுத் தட்டைக் காயவிடுங்கள். அடுத்த முறை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைப் பொடியை விதையில் கலந்து பூசி, அதாவது விதை நேர்த்தி செய்துவிட்டு விதையுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, நம் பத்திருபது விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

இதற்கெல்லாம் மூல காரணம் அவசரம். தக்காளி ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். மிளகாய் 7 முதல் 10 நாள் எடுக்கும், மார்கழிக் குளிரில் இரண்டு வாரம்கூட ஆகலாம். நான்காம் நாளே "இன்னும் வரலையே" என்று கை அரித்தால் வாழைத் தொட்டிக்கு ஊற்றுங்கள், அது கோபித்துக்கொள்ளாது.