லினக்ஸுக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. நன்றாக உழைக்கும் கணினியைக் கைவிட மனமில்லாதவர்கள் பலருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் நல்ல மாற்றாக அமையும். ஆனால், மாறியவர்களுள் சிலர் சில நாட்களிலேயே சலித்துப்போவதற்கு லினக்ஸின் கடினத்தைவிட, பழைய கைப்பழக்கம் இங்கும் அப்படியே செல்லும் என்ற நினைப்பே பெரிய காரணம் என்று சொல்லலாம்.

நிறுவும் கட்டத்திலேயே பெருந்தவறு நேரக்கூடும். வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று நிறுவும் செயலி கேட்கும்போது, சி டிரைவ் மட்டும்தான் அழியும், டி டிரைவில் உள்ள படங்கள் தப்பிவிடும் என்று எண்ணிச் சம்மதிப்பவர்கள் உண்டு. அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரு பகுதிகள்தாம் என்பதால், இரண்டுமே போய்விடும். ஆகவே, முக்கியமான கோப்புகளை முதலில் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவுவதே முறை. விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்வோர் அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைக்காவிட்டால், விண்டோஸ் பகுதி முழுமையாக மூடப்படாமல் நிற்கும். லினக்ஸிலிருந்து அதில் எதையும் எழுத முடியாமல் போகலாம். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இருந்தால், அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, மென்பொருளைத் தேடி இணையதளம் இணையதளமாக அலைவது. விண்டோஸுக்கான இஎக்ஸ்இ கோப்பு லினக்ஸில் நேரடியாக இயங்காது. தேவையானவற்றில் பெரும்பாலானவை அந்தந்த லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே உள்ளன. அங்கிருந்து நிறுவியவை இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும்.

எனினும், மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் டெர்மினல்தான். அதில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாமல் போகலாம். விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை, தட்டி முடித்து என்டரை அழுத்தினால் போதும். கண்ட்ரோல்+சி அங்கே நகலெடுக்காது, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்திவிடும். நகலெடுக்க ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இவை சிறு இடறல்கள். யாரோ எழுதிய கட்டளையைப் பொருள் புரியாமல் ஒட்டுவது அப்படிப்பட்டதன்று. சுடோ (sudo) என்று தொடங்கும் கட்டளை கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்கும், ஆர்எம் (rm) கட்டளையால் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்லாது.

2021-இல் பிரபல யூடியூபர் ஒருவர் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றபோது, அதன் மென்பொருள் தொகுப்பில் (பேக்கேஜ்) இருந்த பிழையால், டெஸ்க்டாப்புக்கு இன்றியமையாத தொகுப்புகளை நீக்கப்போவதாக டெர்மினல் எச்சரித்தது. உறுதிப்படுத்த ஒரு முழு வாக்கியத்தையே தட்டச்சிடச் சொன்னது. அவரும் தட்டச்சிட்டார், டெஸ்க்டாப் காணாமல் போயிற்று. பிழை அவருடையதன்று என்றாலும், எவை நீக்கப்படும் என்ற பட்டியல் திரையிலேயே இருந்தது. ‘நீக்கப்படுபவை’ என்ற அந்தப் பகுதியைப் படிக்காமல் சம்மதம் தெரிவிக்கவே கூடாது.

கோப்பு திறக்கவில்லை என்றதும் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 எண்ணைப் போட்டுவிடுவதும், சிறு குறைக்கெல்லாம் வேறொரு லினக்ஸுக்குத் தாவுவதும் சிக்கலைத் தீர்ப்பதில்லை. பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் டைம்ஷிஃப்ட் செயலியில் ஒரு நிலைப்பதிவை எடுத்துக்கொண்டால், இயங்குதளம் குலைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால், இயல்பான அமைப்பில் அது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும்; சொந்த ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தனி நகல் எடுத்தாக வேண்டும்.