பிஎஸ்ஏ ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 66 வயது. பொள்ளாச்சி லேபில் எடுத்த ரிப்போர்ட்டில் பிஎஸ்ஏ 6.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது. "கேன்சருதான் போல, சாமி" என்று என்னிடம் நீட்டினார். அன்று இருவரும் உட்கார்ந்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. இது என்ன எண்?
ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்தான் பிஎஸ்ஏ. விந்தை இளக வைப்பது அதன் வேலை. கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். வயதால் சுரப்பி பெருத்தாலும், தொற்று வந்தாலும், புற்று வந்தாலும் கசிவு கூடும். ஏன் கூடியது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

2. ரத்தம் கொடுக்கும் முன் என்ன நடந்தது?
இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாம்பத்திய உறவு, நெடுநேர சைக்கிள் ஓட்டம் இரண்டையும் 2 நாள் தள்ளி வைக்க வேண்டும். மூத்திரத் தொற்று வந்திருந்தால் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. பெரியப்பாவைத் துருவியதில், இரண்டு வாரம் முன்பு நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டது வெளியே வந்தது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம்!

3. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?
சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். 2.8 என்று வந்தால் 5.6 என்று கணக்குப் போடுங்கள். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

4. இப்போது எண்ணுக்கு வரலாம்.
ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பழைய எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தாலும் புற்று இருக்கலாம். 4 முதல் 10 வரை உள்ளவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்று. அந்த இடைவெளியில் 'ஃப்ரீ பிஎஸ்ஏ'யும், அதாவது ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பிஎஸ்ஏ எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். மொத்தம் 6, ஃப்ரீ 1.5 என்றால் 25 சதவீதம். அதற்கு மேல் போனால் புற்றுக்கான வாய்ப்பு குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

5. மறுபடி எடுங்கள், அதே லேபில்.
லேபுக்கு லேப் கருவி மாறும், எண்ணும் மாறும். டாக்டர் பாலக்காட்டில் இருந்தாலும், நாங்கள் பொள்ளாச்சிக்கே போனோம். இரண்டாம் முறையும் கூடுதலாக இருந்தால்தான் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி.

எட்டு வாரம் கழித்து 3.4 வந்தது. "பேடிக்கண்ட (பயப்பட வேண்டாம்), அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்தச் சோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் பெரியப்பா சைக்கிளில் கொண்டுபோகும் பால் கேனைச் சொசைட்டிக்குச் சுமந்தது நான்தான்.